வழி கேட்பது யாரிடம்?

— இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. எழுத்தறியும் வாய்ப்பில்லாமல் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழமொழிதான் பாதி வாழ்க்கை. என் அம்மாவுக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. எங்கே போவதானாலும் நிறுத்தத்தில் நிற்கும் யாரிடமாவது, "இந்த பஸ்ஸு எங்கப்பா போவுது?" என்று கேட்டுத்தான் ஏறுவார். கேட்பதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் கேட்பவர் தம்மை அறியாமலே எதையோ கொடுத்துவிடுகிறார் என்பதைச் சென்ற ஆண்டு நான் கண்கூடாகக் கண்டேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி இருக்குமோ என்று உள்ளூர் மருத்துவர் ஐயப்பட்டார். "யாருக்கும் சொல்ல வேணாம், மொதல்ல பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு வரேன்" என்று அம்மா தனியே புறப்பட்டார். நிறுத்தத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுண்ணே?" என்று அவரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். சரியான பேருந்தில் ஏற்றியும் விட்டார். ஆனால் மாலைக்குள் தெருவே எங்கள் வாசலில் நின்று, "ஒடம்புக்கு என்ன?" என்று விசாரித்தது. அம்மா தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. போகும் இடத்தின் பெயரைக் கேட்டார்; அவ்வளவே. அந்த ஒரு பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமும், கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு நாளும் இப்படித்தான் உரக்க வழி கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாரிடம் கேட்கிறோம் என்பதையாவது நாம் அறிந்திருக்க வேண்டாமா? அதைத் தீர்மானிக்கும் உரிமை கணிப்பொறியின் உடைமையாளருக்கே இருக்க வேண்டாமா? இதுவே என் கேள்வி.

பெயரும் எண்ணும்

இணையத்தில் ஒரு கணிப்பொறி இன்னொன்றை அடைய அதன் எண் தெரிய வேண்டும். நமக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அக்கோப்பைப் பேணி வந்தது. மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தார். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் சர்வர்கள் உலகெங்கும் பரவின. 1987-இல் செப்பமிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடித்தளமாக உள்ளன.

அந்த விதிகளின்படி, நம் கேள்வி உறையிடாத அஞ்சலட்டையைப் போல 53-ஆம் எண் போர்ட் வழியே செல்கிறது. இடையில் இருப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். விடை சொல்பவரோ படித்தே ஆகவேண்டும். படிக்காமல் எப்படி விடை சொல்வார்? நாம் அத்தளத்தில் என்ன பேசினோம் என்பது அவருக்குத் தெரியாது. எங்கே போனோம், எத்தனை மணிக்குப் போனோம் என்பது தெரியும்.

வி.பி.என். என்பது திரை போட்ட வண்டி. நம் கணிப்பொறியிலிருந்து தொலைவிலுள்ள ஒரு சர்வர் வரை சங்கேதமாக்கப்பட்ட ஒரு சுரங்கவழியை அது அமைக்கிறது. வெளியில் நிற்பவருக்கு வண்டி போவது தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. சரி, வண்டிக்குள் ஏறி அமர்ந்த பிறகும், திரையை விலக்கித் தெருவில் நிற்பவரிடம், "இன்ன ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டுக்கொண்டே போனால் திரையால் என்ன பயன்? வி.பி.என். ஓடும்போதும் டி.என்.எஸ். கேள்விகள் வெளியே போவதைத்தான் 'டி.என்.எஸ். கசிவு' என்கிறார்கள்.

நான் பட்ட பாடு

இவற்றையெல்லாம் நான் பாடநூலில் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். சென்ற கோடை விடுமுறையில் ஒரு சிறு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பட்டியல்கள் சரிபார்க்கும் வேலை ஒரு மாதத்துக்குக் கிடைத்தது. ஊதியம் ஐயாயிரம் ரூபாய். அப்பா கொத்தனார், மழை வந்தால் வேலை இல்லை. அடுத்த பருவக் கட்டணத்துக்கு அந்த ஐயாயிரத்தைத்தான் நம்பியிருந்தேன். என் கணிப்பொறியோ, பெரியப்பா மகள் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி. வயதாகிவிட்ட அதில் விண்டோஸ் நகரவில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருந்தேன்.

நிறுவனத்தார் ஓப்பன் வி.பி.என். கோப்பு ஒன்றை அனுப்பினார்கள். டெர்மினலில் கட்டளை கொடுத்தேன். இணைப்பு முடிந்தது என்ற வரியும் வந்தது. ஆனால் நிறுவனத்தின் உள்தளப் பெயரை உலாவியில் அடித்தால், அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது. உடன் வேலை செய்த தோழிகளின் விண்டோஸ் கணிப்பொறிகளில் அதே கோப்பு தடையின்றி ஓடியது. மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. உங்க சிஸ்டம்தான் சரியில்ல. நாளைக்குள்ள விண்டோஸ்ல வாங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்" என்றார்.

அன்றிரவு எங்கள் துறையின் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவரிடம் அழாக்குறையாகச் சொன்னேன். "பேர விடும்மா. அந்த சர்வரோட நம்பருக்குப் பிங் அனுப்பிப் பாரு" என்றார். தோழியிடம் எண்ணை வாங்கி அனுப்பினேன். உடனே மறுமொழி வந்தது! வண்டி சரியாகத்தான் ஓடியிருக்கிறது. வழி கேட்ட இடம்தான் தவறு.

காரணம் இதுதான். இணைப்பு ஏற்படும்போது, "எங்கள் உள்தளப் பெயர்களை இந்த டி.என்.எஸ். சர்வரிடம் கேள்" என்று நிறுவனத்தின் வி.பி.என். ஒரு குறிப்பைச் சொல்லி அனுப்புகிறது. விண்டோஸில் அந்த மென்பொருள் அக்குறிப்பைத் தானே ஏற்று அமைத்துக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினலில் நான் இயக்கிய பதிப்போ, குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. அதை எடுத்து அமைக்க ஒரு ஸ்கிரிப்டை நாம்தான் பூட்ட வேண்டுமாம். ஆகவே என் கணிப்பொறி நிறுவனத்தின் உள்பெயரை வழக்கமான இணையச் சேவை நிறுவனத்திடமே கேட்டது. அவர்களுக்கு அப்பெயர் எப்படித் தெரியும்?

லினக்ஸில் ஈ.டி.சி. என்னும் கோப்புறையில் 'ரிசால்வ்.கான்ஃப்' என்றொரு சிறு கோப்பு உண்டு. யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கும். நான் ஆர்வத்தோடு அதைத் திறந்து நிறுவனத்தின் டி.என்.எஸ். எண்ணை எழுதினேன். தளம் திறந்தது! வேலை தப்பியது என்று உறங்கப்போனேன். காலையில் வி.பி.என்.னைத் துண்டித்தவுடன் எந்தத் தளமும் திறக்கவில்லை. சுரங்கத்துக்குள் இருக்கும் சர்வரிடம் சுரங்கம் இல்லாமல் எப்படிக் கேட்பது? பயந்துபோய்க் கணிப்பொறியை அணைத்துப் போட்டேன். இணையம் வந்தது, நான் எழுதிய வரியோ காணாமற்போயிருந்தது. பிறகுதான் கோப்பின் தலைப்பை ஒழுங்காகப் படித்தேன். 'இதைத் திருத்தாதே' என்று அங்கேயே எழுதியிருந்தது.

ஒரு கோப்பு, பல கைகள்

அந்தக் கோப்பில் எழுத விரும்புவோர் பலர். வைஃபையில் சேரும்போது அந்த வைஃபை தரும் டி.என்.எஸ்.ஸைக் கொண்டுவரும் நெட்வொர்க் மேனேஜர் ஒருவர். கேள்விகளையெல்லாம் 127.0.0.53 என்னும் உள்முகவரியில் தானே வாங்கி, உரியவரிடம் அனுப்பும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒருவர். வி.பி.என். மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒருவர். கடைசியாக, அறியாமல் கைவைக்கும் என்னைப் போன்றோர். யார் கடைசியில் எழுதினாரோ அவர் எழுத்தே நிற்கும். ஆகவே, கோப்பைத் திருத்துவது மருந்தாகாது; அதை எழுதுபவரிடம் நம் விருப்பத்தைச் சொல்வதே மருந்து.

உபுண்டு, மின்ட் போன்றவற்றில் வழி எளிது. ஓப்பன் வி.பி.என். கோப்பை டெர்மினலில் ஓட்டாமல் நெட்வொர்க் மேனேஜரில் ஏற்றினால், வி.பி.என். சொல்லும் டி.என்.எஸ்.ஸை அதுவே அமைக்கும். துண்டிக்கும்போது பழைய நிலைக்கு மாற்றியும் விடும். 2020 மார்ச்சில் லினக்ஸின் 5.6-ஆம் கர்னலிலேயே இடம்பெற்ற வயர்கார்டைப் பயன்படுத்துவோர், அதன் அமைப்புக் கோப்பில் டி.என்.எஸ். என்ற ஒரு வரியை எழுதினால் போதும்.

வேலை நடந்தது. மேற்பார்வையாளரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அதே வாரத்தில் அம்மாவின் மருத்துவ அறிக்கை வந்தது. அதிலிருந்த சொற்களின் பொருள் தேடினேன். மருத்துவமனைகளின் தளங்களையும், காப்பீட்டுத் திட்டத்தின் தளத்தையும் பார்த்தேன். வி.பி.என். இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தேன். ரிசால்வ்சிடிஎல் என்னும் கட்டளையால் நிலவரம் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. நான் தேடிய தளங்களின் பெயர்களெல்லாம் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரைக் கேட்டுத்தான் வந்திருக்கின்றன! அவர்கள் பார்த்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் அம்மா செய்ததையே, படித்த மகள் நானும் செய்திருந்தேன். அம்மாவுக்காவது வேறு வழியில்லை. எனக்கு வழி இருந்தது, அறிவு இல்லை.

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்

கசிவு இரு திசையில் உண்டு என்பதை இதிலிருந்து கற்றேன். பொது இடத்து வைஃபையில் மறைவுக்காக வி.பி.என். போடுபவரின் கேள்விகள் வெளியே கசியக் கூடாது. வேலைக்காக நிறுவனத்தின் வி.பி.என். போடுபவரின் சொந்தக் கேள்விகள் உள்ளே போகத் தேவையில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. அதனால்தான் தீர்மானம் பயனாளரின் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி டி.என்.எஸ். வைத்துக்கொள்ளும். இன்ன பெயர் இன்ன இணைப்புக்கு என்று நாம் சொல்லாவிட்டால், வைஃபையின் சர்வரிடமும் வி.பி.என்.னின் சர்வரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் விடையை எடுத்துக்கொள்ளக்கூடும். கசிவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. வி.பி.என். இணைப்பின் டொமைன் பட்டியலில் அலைக்குறியும் ஒரு புள்ளியும் இட்டால், 'எல்லாப் பெயரும் இதன் வழியே' என்று பொருள். அலைக்குறிக்குப் பின் நிறுவனத்தின் டொமைன் பெயரை மட்டும் இட்டு, 'இந்த வலையமைப்பின் வளங்களுக்கு மட்டும் இந்த இணைப்பு' என்ற கட்டத்தையும் தேர்ந்தால், நிறுவனப் பெயர்கள் நிறுவனத்துக்கும் மற்றவை நம் வழக்கமான சர்வருக்கும் போகும். நான் பின்னதைச் செய்தேன்.

நெட்வொர்க் மேனேஜரில் முன்னுரிமை எண் ஒன்றும் உண்டு. சாதாரண இணைப்புக்கு 100, வி.பி.என்.னுக்கு 50; சிறிய எண்ணுக்கே முதலிடம். வி.பி.என்.னுக்குக் கழித்தல் குறியோடு ஓர் எண் கொடுத்தால் மற்ற இணைப்புகளின் டி.என்.எஸ். முற்றிலும் விலக்கப்படும். வி.பி.என். தரும் டி.என்.எஸ். வேண்டாம் என்றால், தானியங்கி டி.என்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு நாம் நம்பும் சர்வரின் எண்ணை எழுதலாம். ஐபிவி4 பக்கத்தில் செய்ததை ஐபிவி6 பக்கத்திலும் செய்ய மறக்கக் கூடாது. ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைப்பது காவலாகாது. உலாவியும் தனக்கென்று தனி டி.என்.எஸ். வைத்துக்கொண்டிருக்கலாம்; அதன் அமைப்பையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. எல்லாம் முடிந்த பின், டிசிபிடம்ப் என்னும் கருவியால் வைஃபையின் 53-ஆம் போர்ட்டைக் கவனித்தால், சாதாரணக் கேள்வி எதுவும் வெளியே போகிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

மறுப்போருக்கு மறுமொழி

"மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் அம்மா எந்தக் குற்றத்தை மறைத்தார்? தம் உடலைப் பற்றிய செய்தியை, தாம் விரும்பும் நேரத்தில், தாம் விரும்புவோரிடம் சொல்ல நினைத்தார். அந்த மதிப்பு ஏழைக்கும் உண்டு.

"எல்லாவற்றுக்கும் வி.பி.என். போட்டுவிட்டால் கவலையில்லை" என்பார் சிலர். வி.பி.என். நம்பிக்கையை இடம் மாற்றுகிறது; நம்பவேண்டிய தேவையை ஒழிப்பதில்லை. நேற்று இணையச் சேவை நிறுவனம் பார்த்ததை இன்று வி.பி.என். நிறுவனம் பார்க்கக்கூடும். 2022 ஏப்ரல் 28-இல் நம் நாட்டின் சர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். திரைக்குப் பின்னாலும் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை நாம் உணர்ந்தால் போதும். டி.என்.எஸ். கேள்வியைச் சங்கேதமாக்கி அனுப்பும் முறைகளும் 2016-இலும் 2018-இலும் விதிகளாக வந்துவிட்டன. அவை இடையில் நிற்பவரிடமிருந்து காக்கும். விடை சொல்பவரிடமிருந்து காக்க மாட்டா.

"லினக்ஸ் தொல்லை, விண்டோஸே மேல்" என்பது மூன்றாவது வாதம். தொல்லை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஓர் இரவு அழுதிருக்கிறேன். ஆனால் அந்தத் தொல்லைதான், என் கணிப்பொறி யாரிடம் வழி கேட்கிறது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது. தோழிகளின் கணிப்பொறிகள் தொல்லையின்றி ஓடின. தங்கள் சொந்தக் கேள்விகள் எங்கே போகின்றன என்று கேட்கவேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. பழைய விலையில்லா மடிக்கணினி வைத்திருக்கும் ஏழை மாணவர்க்கு லினக்ஸ் வெறும் மாற்று மென்பொருள் அன்று; சில வேளைகளில் அது ஒன்றே வழி.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் தேர்வுகளில் டி.என்.எஸ். என்பது இரண்டு மதிப்பெண் வினா. விரிவாக்கம் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் எழுதி இரண்டும் வாங்கியவள்தான். ஆனால் வேலை போகவிருந்த இரவில் அந்த இரண்டு மதிப்பெண் எனக்கு உதவவில்லை. ஆய்வகத்தில் இதற்கு மூன்று செய்முறைகள் வைக்கலாம். முதலாவது, ரிசால்வ்.கான்ஃப் கோப்பை எழுதுபவர் யார் என்று கண்டறிதல். இரண்டாவது, வி.பி.என். போடுவதற்கு முன்னும் பின்னும் கேள்விகள் எங்கே போகின்றன என்று பார்த்தல். மூன்றாவது, நிறுவனப் பெயர்களையும் சொந்தப் பெயர்களையும் பிரித்து அனுப்புதல். இவற்றுக்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நமக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. இங்கே கற்றால்தான் உண்டு.

அம்மாவுக்கு வந்தது தீங்கில்லாத கட்டி என்று பிறகு தெரிந்தது. இப்போது நலமாக இருக்கிறார். விடுமுறை நாட்களில் எண்களையும், பிறகு எழுத்துகளையும் சொல்லிக் கொடுத்தேன். சென்ற மாதம் பேருந்தின் எண்ணைத் தாமே பார்த்து, யாரையும் கேட்காமல் ஏறிச் சென்று வந்தார். "இன்னிக்கு நான் யாரையும் கேக்கல, தெரியுமா?" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று.

தோழர்களே, தோழியரே! கேட்காமல் யாரும் வாழ முடியாது, கணிப்பொறியாலும் முடியாது. ஆனால் யாரிடம் கேட்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்த உரிமையை லினக்ஸ் நமக்குத் தந்திருக்கிறது. இன்றிரவு உங்கள் கணிப்பொறியைத் திறந்தால், அது யாரிடம் வழி கேட்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கற்றவர் என்ற பெயருக்கு அது நாம் செலுத்தவேண்டிய சிறிய கடன்.